ஹூஸ்டனில் ஆஸ்பத்திரிக் கடன்: அக்கா மகளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பழைய டிரஸ்ஸர் (சுங்கை சிப்புட்) எழுதியது:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் 27 வருஷம் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் நான். தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் லயங்களை இடித்த பிறகு டவுன் ஓரத்துக் குடியிருப்புத் தாமானுக்கு வந்துவிட்டோம். வயது 64. மூன்று வாரமாகக் குடும்பத்தில் ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. எந்தப் பக்கமும் சாய முடியாமல் இங்கே கேட்கிறேன்.

அக்கா மகள் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் நர்ஸ். அத்தான் வீட்டார் கிறிஸ்தவர்கள், பிள்ளையும் அப்படியே வளர்ந்தாள். நான் மாரியம்மன் கோயில் ஆள். அவள் போகும் தேவாலயத்தில் இந்த வருஷம் ஆஸ்பத்திரிக் கடனை அடைக்க நிதி திரட்டுகிறார்கள். யாரோ முகம் தெரியாத ஏழைகளின் கடன். 12,000 டாலர் சேர்ந்தால் ஏறக்குறைய 12 லட்சம் டாலர் கடன் அழிந்துவிடுமாம். முதலில் நான் நம்பவில்லை. அப்புறம் அவள் விளக்கினாள். கட்டாத பில்லை ஆஸ்பத்திரிகள் வசூல் கம்பெனிகளுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிடுமாம். அதே விலைக்கு ஓர் அறநிறுவனம் அந்தக் கடன்களை மொத்தமாக வாங்கிக் கிழித்துப் போட்டு, 'உங்கள் கடன் தீர்ந்தது' என்று வீட்டுக்குக் கடிதம் அனுப்புமாம்.

மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. அவர் திருநெல்வேலிக்காரர், அமெரிக்கா போய்ப் படித்தவர். படிப்புக்கு வாங்கிய கடனை எட்டு வருஷம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அடைத்தவர். 2022 ஆகஸ்டில் பைடன் மாணவர் கடனில் 10,000 டாலர் வரை (சிலருக்கு 20,000 வரை) தள்ளுபடி என்று அறிவித்தபோதே இருவருக்கும் சண்டை. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதை ரத்து செய்த அன்று மாப்பிள்ளை குடும்ப வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் போட்டார். இப்போது அவர் சொல்வது இதுதான்: 'துன்மார்க்கன்தான் கடன் வாங்கிவிட்டுத் திருப்பிக் கட்டமாட்டான் என்று சங்கீதத்திலேயே இருக்கிறது. கட்டினவன் எல்லாம் ஏமாளியா?' அவள் சொல்வது: 'மாமா, யாரும் ஆசைப்பட்டு ஸ்ட்ரோக் வாங்குவதில்லை.'

இங்கே ஒட்டுக்கடையில் காலையில் தே தாரிக் குடிக்கப் போனால் அங்கேயும் இதே பேச்சு. என் கூட்டாளி ஒருவர், 'அமெரிக்க அரசாங்கத்துக்கே 2025-இல் 38 டிரில்லியன் டாலர் கடன் தாண்டிவிட்டது, அவன் எப்படித் தனி ஆளைப் பார்த்து யோக்கியனா என்று கேட்பான்' என்கிறார். இன்னொருவர், 'கடவுளை நம்புகிறோம் என்று தன் காசில் அச்சடித்தவன், நோயாளியை ஏன் நம்பவில்லை' என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்குப் பதிலாக அதை எழுத முடியாது.

நான் தடுமாறுவதற்குக் காரணம் என் அம்மா. 1973-இல் அப்பா இறந்தார், எனக்கு 12 வயது. தோட்டத்துக் கடையில் எங்கள் பற்று 186 வெள்ளி (ரிங்கிட்) நின்றது. ரப்பர் பால் வெட்டிக் கொண்டிருந்த அம்மா சம்பள நாளில் வீட்டுக்கு வருமுன் கடைக்குப் போய் ஐந்து வெள்ளி வைப்பார். மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. கடைசி ஐந்து வெள்ளி அன்று என்னையும் கூட்டிப் போனார். கணக்கு நோட்டு நீளமாக, ஒடுக்கமாக, சிவப்புத் துணி அட்டை போட்டு இருக்கும். முனை எல்லாம் எண்ணெய்க் கறை. கடைக்காரர் காதில் இருந்த பென்சிலை எடுத்து ஏதோ எழுதி நோட்டைத் திருப்பிக் காட்டினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. 'சத்தமா படிடா' என்றார். நான் 'தீர்ந்தது' என்று படித்தேன். 'இன்னொரு தடவை' என்றார். கடையில் அரிசி வாங்க நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிமிர்ந்து வெளியே நடந்தார்.

அதைப் பார்த்து வளர்ந்தவன் 'கட்ட வேண்டாம்' என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் டிரஸ்ஸராக நான் பார்த்தது வேறு. பெண்சாதி வைத்தியத்துக்காக வட்டி முதலையிடம் வாங்கிவிட்டு, ஏடிஎம் அட்டையையும் அடையாள அட்டையையும் அடகு வைத்து, சம்பள நாளில் பேங்க் வாசலில் அவன் பின்னால் நின்ற ஆண்களுக்கு நான் மருந்து கொடுத்திருக்கிறேன். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

'தாய்மாமன் நீங்க என்ன சொல்றீங்க' என்று அவள் கேட்டு நிற்கிறாள். உங்கள் கருத்து?

---

ஈப்போ கணக்கர்:

ஐயா, நான் கணக்குப் பார்க்கிறவன், மாப்பிள்ளை பக்கம் கொஞ்சம் பேசுகிறேன்.

ஒரு டாலருக்குச் சுமார் 100 டாலர் கடன் என்பது உண்மைதான். இதற்கென்று 2014-இல் ஓர் அமைப்பைத் தொடங்கியவர்களே வசூல் தொழிலில் இருந்த இரண்டு பேர். ஆனால் ஒரு பொருள் ஏன் அவ்வளவு மலிவு? அது வசூலாகாது என்று விற்பவனுக்கே தெரியும், அதனால் மலிவு. 2024-இல் பொருளாதார அறிஞர்கள் சிலர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 80,000-க்கும் மேற்பட்டவர்களின் 169 மில்லியன் டாலர் மருத்துவக் கடனை இப்படி வாங்கி அழித்துவிட்டு, பிறகு அவர்கள் நிலையைப் பார்த்தார்கள். சராசரியாக மனநலத்திலோ பண நிலையிலோ பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. பழைய கடன், வந்து சேர்ந்த கடிதமும் தாமதம். அதற்குள் அந்த மனிதர் பட வேண்டியதெல்லாம் பட்டு முடித்திருப்பார்.

அதனால் நிதி கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த 12,000 டாலரை, பில் வசூல்காரனிடம் போகும் முன்பே தங்கள் வட்டாரத்து நோயாளிக்கு உதவச் செலவழித்தால் இன்னும் பலன் இருக்கும் என்று உங்கள் அக்கா மகளிடம் சொல்லுங்கள். இங்கே நாம் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிவிட்டு டாக்டரைப் பார்க்கிறோம். வெளியே வந்தால் கடன் என்று ஒன்று இல்லை. அந்த ஒரு வெள்ளியின் அருமை இந்த மாதிரிக் கதையைக் கேட்கும்போதுதான் தெரிகிறது.

---

டெக்சாஸ் மலேசியன்:

அண்ணே, நான் கோலகங்சார்க்காரன், டல்லாஸில் 14 வருஷம். இங்கே நடப்பதைச் சொல்கிறேன்.

1986 சட்டப்படி அவசரப் பிரிவுக்கு வந்தவரைக் காசு இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் பார்த்த பிறகு பில் வரும். டெக்சாஸில் காப்பீடு இல்லாதவர்கள் விகிதம் நாட்டிலேயே அதிகம். ஒபாமா காலத்துச் சட்டப்படி ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தை விரிவாக்க இந்த மாநிலம் ஒத்துக்கொள்ளவில்லை. நாடு முழுக்க மருத்துவக் கடன் குறைந்தது 220 பில்லியன் டாலர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2025 ஜனவரியில், மருத்துவக் கடனைக் கடன் வரலாற்று அறிக்கையில் காட்டக் கூடாது என்று கூட்டரசு விதி கொண்டுவந்தார்கள். ஜூலையில் இங்குள்ள கூட்டரசு நீதிமன்றமே அதை ரத்து செய்துவிட்டது. அந்த அறிக்கை கெட்டால் வாடகை வீடு கிடைப்பதே கஷ்டம்.

ஒன்று மட்டும் அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள். லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரி ஒவ்வொன்றும் ஏழை நோயாளிக்குக் கட்டணம் குறைக்கும் திட்டத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும், அதுவும் சட்டம். பாதிப் பேருக்கு மேல் அதைக் கேட்பதே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, நான் பார்த்தவரை. நர்ஸ் ஒருத்தி கட்டில் பக்கத்தில் நின்று 'அந்தப் பாரத்தைக் கேளுங்க' என்று சொன்னால் அதுவே பெரிய உதவி.

சபைக்குள் கட்சிச் சண்டை வேண்டாம் என்று மாப்பிள்ளை பயந்தால் அதுவும் நியாயம்தான். என் சபையில் மாணவர் கடன் பேச்சில் இரண்டு குடும்பங்கள் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தின. ஆனால் மருத்துவக் கடன் நிதிக்கு அந்த இரண்டு குடும்பமும் கொடுத்தார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

---

மேரி டீச்சர் (தெலுக் இந்தான்):

சார், மாப்பிள்ளை சொன்னது 37-ஆம் சங்கீதம், 21-ஆம் வசனம். அவர் பாதியில் நிறுத்திவிட்டார். கடன் வாங்கிக் கட்டாதவனைப் பற்றிச் சொன்ன கையோடு, நீதிமான் இரங்கிக் கொடுக்கிறான் என்று அதே வசனம் முடிகிறது. முதல் பாதி கடன் வாங்கியவனுக்கு, இரண்டாம் பாதி கையில் காசு உள்ளவனுக்கு. சபையில் உட்கார்ந்திருக்கும் நாம் யார் என்று பார்த்துத்தான் எந்தப் பாதியைப் படிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஏழாம் வருஷத்தில் கடனை விட்டுவிடச் சொல்லும் உபாகமம் 15-ஆம் அதிகாரத்தையும் அவர் வாசிக்கட்டும்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் கர்த்தரின் ஜெபம் சொல்லும்போது பல சபைகளில் 'குற்றங்கள்' என்ற பொருளில் ஒரு சொல்லைத்தான் சொல்வார்கள். நம் தமிழ் வேதாகமத்தில் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் நேராகக் 'கடன்கள்' என்றே இருக்கிறது. எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை மன்னியும் என்று. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் இதைச் சொல்லும்போது எனக்குக் கடைக்காரர் நோட்டுத்தான் ஞாபகம் வரும். உங்கள் அக்கா மகளும் அப்படித்தான் படித்து வளர்ந்திருப்பாள்.

---

சிப்புட் மைந்தன்:

அண்ணே, ஒரே ஒரு கேள்வி. அந்த 186 வெள்ளி எதனால் ஏறியது? சம்பளம் வாங்கும் வீட்டில் அந்தக் காலத்தில் அது பெரிய தொகையாச்சே.

---

பழைய டிரஸ்ஸர் (சுங்கை சிப்புட்):

எல்லோருக்கும் நன்றி. மேரி டீச்சர் சொன்ன வசனத்தை அப்படியே பிள்ளைக்கு அனுப்பிவிட்டேன். பாரம் பற்றிய செய்தியையும் அனுப்பினேன். தன் வார்டில் அந்தப் பாரம் இருப்பதே அவளுக்குத் தெரியாதாம்.

சிப்புட் மைந்தன் தம்பி கேட்டதற்குத்தான் இத்தனை நாள் ஆனது. அந்தக் கேள்வி என்னை உட்கார வைத்துவிட்டது. அம்மாவுக்கு இப்போது 84. ஞாபகம் தெளிவாக இருக்கிறது. போய்க் கேட்டேன்.

அப்பாவுக்கு வயிற்றில் நீர் கோத்து, கடைசி ஐந்து மாதம் வெட்டுக்குப் போகவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு வாங்கமாட்டார்கள். ஆனால் காலைப் பெரட்டில் (வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில்) பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. அம்மாவும் அவரைப் பார்த்துக்கொள்ள பாதி நாள் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார். ஆக அந்த 186 வெள்ளியும் நோய்க் கடன்தான். 50 வருஷமாக அதை நான் அரிசிக் கடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

'அப்படின்னா கடைக்காரர் அதைக் கிழிச்சிப் போட்டிருக்கலாமே, உனக்குக் கோபம் இல்லையா' என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். 'கிழிச்சிப் போட்டிருந்தா மறுமாசம் அரிசிக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது? உங்கப்பா படுத்திருந்தப்ப ஒரு நாள் கூட அவரு இல்லன்னு சொல்லல. நான் கட்டக் கட்ட அவரு குடுத்துக்கிட்டேதான் இருந்தாரு.'

அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று விளங்கியது. அம்மா கட்டியது ஒரு மனிதருக்கு. ஒரு சம்பள நாளில் ஐந்து வெள்ளி கொடுத்தால் அடுத்த வாரம் அரிசியும் கருவாடும் தருகிறவர். பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர், அப்பா காரியத்துக்கு வந்து நின்றவர். ஹூஸ்டனில் அந்த நோயாளி யாருக்குக் கட்ட வேண்டும்? வைத்தியம் பார்த்த டாக்டருக்கு இல்லை, மருந்து கொடுத்த நர்ஸுக்கும் இல்லை. ஆஸ்பத்திரி அவனைக் கைகழுவி எப்போதோ விற்றுவிட்டது. 100 டாலர் கடனை ஒரு டாலருக்கு வாங்கிய ஒருவன், முழு 100-ஐயும் கேட்டுப் போன் அடிக்கிறான். அவனிடம் யோக்கியனாக இருப்பதும் கடைக்காரரிடம் அம்மா யோக்கியமாக இருந்ததும் ஒன்றாகாது. எங்கள் கடைக்காரர் அந்த நோட்டை வேறு ஊர்க்காரனுக்கு விற்றிருந்தால் அம்மா மூன்று வருஷம் ஐந்து ஐந்தாக வைத்திருப்பாரா? மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இதை அப்படியே பிள்ளைக்கு எழுதினேன். மாப்பிள்ளை எட்டு வருஷம் கட்டியதை நான் மதிக்கிறேன் என்பதையும் சேர்த்து எழுதினேன். அவர் ஏமாளி இல்லை, என் அம்மாவும் இல்லை. ஆனால் நிதிக்குக் கொடு என்று அவளிடம் சொல்லிவிட்டேன். என் பங்குக்கு 200 வெள்ளி அனுப்பியிருக்கிறேன், டாலரில் எவ்வளவு வருகிறதோ வரட்டும். ஈப்போக்காரர் சொன்ன ஆய்வையும் மறைக்கவில்லை. கடன் வசூலுக்குப் போகும் முன்பே உதவ வழி இருந்தால் சபையில் எழுந்து அதையும் கேள் என்றேன்.

நேற்று ராத்திரி மாப்பிள்ளையே போன் செய்தார். நிதியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. 'பாட்டிகிட்டப் பேசணும் மாமா' என்றார். போனை அம்மா காதில் வைத்தேன்.

அம்மா எடுத்ததும் கேட்டது, 'ஏய்யா, அங்க கடையில பற்று எழுதுவாங்களா?'