தில்லியில் பிலிம் கேமரா: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆர்.கே.புரத்திலிருந்து:
எங்கள் பிளாக்கில் இருந்த தமிழ் மாமா ஒருவர், ரிட்டயர் ஆகி ஊருக்குக் கிளம்பும்போது தன் ஆக்ஃபா கிளிக் III கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வதோதராவில் செய்தது. பேட்டரி கிடையாது, ஃபோகஸ் திருப்புவது கிடையாது. "நாங்க ஊட்டி பிலிம்தான் போடுவோம்" என்றார். உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை மூடிவிட்டார்கள், அந்த 'இந்து' பிலிம் இனி வராது. ஆனால் இந்தக் கேமராவுக்கு வேண்டியது 120 பிலிம். கோடாக் 1901-இல் கொண்டுவந்த அளவு, இன்னமும் தயாராகிறது! சாந்தினி சௌக், கூச்சா சௌத்ரி சந்தில் இல்ஃபோர்டு எஃப்பி4 என்ற கறுப்பு-வெள்ளை பிலிம் வாங்கினேன். ஷட்டர் மெதுவானது என்பதால் 400 பிலிம் (எண் கூடக்கூட பிலிம் வெளிச்சத்தைச் சீக்கிரம் வாங்கும்) போட்டால் தில்லி வெயிலில் படம் வெளுத்துவிடும், 125 தோதாக இருக்கிறது. பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் தெரியும்வரை சுற்ற வேண்டும். ரோலுக்கு 12 சதுரப் படம். லோதி கார்டனில் எடுத்த கல்லறை மாடங்கள் அத்தனை அழகாக வந்தன. சில வருடம் முன்பு வாங்கிய என் டிஜிட்டல் கேமராவுக்கு இப்போது பேட்டரி கிடைக்கவில்லை. மாமாவின் பெட்டிக்கு அந்தக் கவலையே இல்லை.

மயூர் விஹாரிலிருந்து:
நான் பிலிமை வீட்டிலேயே கழுவுகிறேன். படத்தை வரவைக்கும் ரசாயனமான டி-76 டெவலப்பரை 20 டிகிரியில் வைப்பதுதான் வேலையே. மே மாதம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. பக்கெட்டில் ஐஸ் கட்டி போட்டு அதில் பாட்டிலை நிறுத்துவேன். ஜனவரியில் அதே பக்கெட்டில் வெந்நீர். கடைசி அலசலுக்கு இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான், உப்புத் தண்ணீர் என்றால் நெகட்டிவில் புள்ளி விழும். முதல் ரோலை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டியபோது என் மகள், "பாட்டி முடி ஏன் கறுப்பா இருக்கு?" என்றாள். நெகட்டிவ் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் பிலிம் கழுவும் டேங்கை அவள்தான் ஆட்டுகிறாள்.

கரோல் பாக்கிலிருந்து:
தில்லியில் செய்திப்படம் எடுத்த ஹோமாய் வியாரவாலாவின் ரோலிஃபிளெக்ஸ் கேமராவுக்கும் இதே 120 தான் சார். ஒன்று மட்டும் சொல்கிறேன். மெட்ரோ எக்ஸ்ரேயில் பை போகிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள். 100, 125 பிலிம் ஓரிரு முறை போனால் ஒன்றும் ஆகாது. விமான நிலையத்தில் சி.டி. (CT) ஸ்கேனர் இருந்தால்தான் ஆபத்து. பிலிமைத் தனிப் பையில் கையில் எடுத்துக்கொண்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டபோது பொறுமையாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.