மறுமொழி: ‘ஸ்கெலிட்டல் சர்வே’ என்பதற்குத் தமிழ்

> ‘எலும்புக்கூட்டு அளவாய்வு’ எனலாமா?

அன்புள்ள ஐயா,

குழந்தையின் உடலெங்கும் எலும்பு முறிவு உள்ளதா என்று எக்ஸ்-ரே படங்களால் தேடும் ‘ஸ்கெலிட்டல் சர்வே’ சோதனைக்குத் தமிழ்ப் பெயர் கேட்டிருந்தீர்கள்.

‘எலும்புக்கூடு’ என்றால் நம்மவர்க்குச் சுடுகாடுதான் நினைவுக்கு வரும். நான்கு மாதக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழாது. ‘அளவாய்வு’ நிலத்துக்கு உரியது. இங்கே எவரும் எதையும் அளப்பதில்லை.

செயலைப் பார்த்துப் பெயரிடுவோம். யாரேனும் அடித்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, மண்டை, முதுகெலும்பு, விலா, கை, கால், பாதம் எனத் தனித்தனியாக இருபது அல்லது அதற்கும் மேற்பட்ட எக்ஸ்-ரே படங்கள் எடுக்கிறார்கள். குழந்தை முழுவதையும் ஒரே படத்தில் அடக்குவது இதற்கு உதவாது. எலும்பின் வளர்முனையை ஒட்டி மெல்லிய தகடாகப் பெயரும் முறிவு அதில் தப்பிவிடும். (அந்த முறிவு ஒரு கோணத்தில் மூலை உடைந்ததுபோலும் இன்னொரு கோணத்தில் வாளிப்பிடிபோலும் தெரிவதால் ஆங்கிலத்தில் இரண்டு பெயர் வாங்கிக்கொண்டது. நாம் இரண்டையும் சுமக்க வேண்டாம்.) ஆகவே படங்கள் பல என்பது பெயரிலேயே தெரியட்டும்: ‘முழுவெலும்புப் படவரிசை’.

‘வன்கொடுமைச் சான்றுப் படம்’ என்ற இன்னொரு பரிந்துரையை நான் ஏற்கவில்லை. எளிதில் முறியும் எலும்போடு பிறந்த குழந்தைகளும் இதே சோதனைக்கு வருகிறார்கள். படம் எடுக்கும் முன்பே பெற்றோருக்குத் தீர்ப்பா? 1946இல் அமெரிக்கக் குழந்தைநலக் கதிர்ப்பட மருத்துவர் ஜான் காஃபி, மண்டைக்குள் இரத்தக்கட்டும் நீளெலும்பு முறிவுகளும் சேர்ந்திருந்த ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதியபோது அப்படியொரு பெயர் சூட்டவில்லை. ‘அடிபட்ட குழந்தை’ என்ற பெயர் 1962இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கெம்ப்பும் அவர் தோழர்களும் எழுதிய பிறகே நிலைத்தது.

---

> முழுவெலும்புப் படவரிசை

முறிவைத் தேடும் சோதனைக்கு ‘முழுவெலும்பு’ என்றா பெயர்? முறியாத எலும்பு என்றல்லவா நான் படித்தேன்! ‘வரிசை’யும் இடிக்கிறது. விலா முறிவு முதல் நாள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, முறிந்த இடத்தில் புது எலும்பு அரும்பிய பின் மறுபடி எடுப்பார்கள். ‘வரிசை’ என்றால் அப்படி நாள் கடந்து எடுத்தவையோ என்று தோன்றும். முதல் நாள் எடுப்பது ‘அனைத்தெலும்புப் படத்தொகுப்பு’, பின்னது ‘மறுதொகுப்பு’ என்று வைப்போமே.

---

முழுவெலும்பில் வசமாக மாட்டிக்கொண்டேன், திரும்பப் பெறுகிறேன். ‘அனைத்தெலும்பு’ சரி. ‘மறுதொகுப்பு’ மட்டும் பதிப்பகத்து வாடை அடிக்கிறது. ‘மறுபடத்தொகுப்பு’ என்றே எழுதுவோம், நீளம்தான், இருக்கட்டும். இலங்கை நண்பர்கள் ‘என்பு’ என்பார்கள் என்பதால் ‘அனைத்தென்பு’ என்பதையும் அருகில் பதிந்துவிடுகிறேன்.