லீவு நாள் பட்டியலை ஒரே காலண்டர்ல வச்சு எல்லா ஜாபும் அதையே பார்க்க வைக்கறது எப்படி?

கோவை_சர்வர்:
வணக்கம். ஒரு சின்ன ஃபைனான்ஸ் கம்பெனியில சர்வர் பார்த்துக்கறேன். தவணை எஸ்.எம்.எஸ், வசூல் பட்டியல், மாசக்கடைசி அறிக்கைன்னு 14 ஜாப் கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு ஸ்கிரிப்டைத் தானா ஓட்டற கருவி) ஓடுது. லீவு நாள் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்லயும் தனித்தனியா ஒட்டியிருக்கு, அதுவும் வருஷம் இல்லாம தேதியும் மாசமும் மட்டும். 2024-ல தீபாவளி அக்டோபர் 31, 2025-ல அக்டோபர் 20. ரெண்டு ஸ்கிரிப்ட்ல மாத்த விட்டுப்போச்சு. பண்டிகை அன்னைக்குக் காலையில 6 மணிக்கு எல்லாருக்கும் "தவணை பாக்கி"ன்னு மெசேஜ் போயிடுச்சு. 31-ந்தேதி வெள்ளிக்கிழமை, வேலை நாள், ஆனா ஸ்கிரிப்ட் பழைய தீபாவளித் தேதின்னு லீவா எடுத்துக்கிட்டதால மாசக்கடைசி அறிக்கை ஓடவே இல்ல. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு வந்து உட்கார்ந்தவங்க அந்த மெசேஜைப் படிச்சிருப்பாங்கன்னு நினைச்சா இன்னும் மனசு ஆறல.

ஜாவாவுல இதே மாதிரி நேரம் வச்சு ஜாப் ஓட்டற குவார்ட்ஸுக்கு மாறப்போறோம். எதுல கவனமா இருக்கணும்?

நள்ளிரவு_பேட்ச்:
குவார்ட்ஸ்ல இருக்கற காலண்டர் வகைகள்ல ஹாலிடே காலண்டர் எடுங்க நண்பரே, ஆனுவல் காலண்டர் வேண்டாம். ஆனுவல் வருஷத்தைப் பார்க்காது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15-க்குச் சரி. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் உங்க பழைய தப்பே திரும்ப வரும். காலண்டரைப் பேர் வச்சு ஒரு தடவை சேர்த்துட்டா, ட்ரிகர்ல (ஜாப் எப்ப ஓடணும்னு சொல்ற அமைப்பு) அந்தப் பேரைச் சொன்னாப் போதும். பேங்க் லீவான ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமையையும் அதிலேயே தேதியாப் போட்டுடுங்க, வருஷத்துக்கு 24 வரிதான். கிரான்ல "0 6 8-14 * 6"ன்னு (காலை 6 மணி, 8-14 தேதி, சனிக்கிழமை) எழுதினா ரெண்டாவது சனிக்கிழமை மட்டும் ஓடும்னு நம்பாதீங்க. 8 முதல் 14 வரை தினமும் ஓடும், எல்லாச் சனிக்கிழமையும் ஓடும்.

பழைய_மெயின்ஃப்ரேம்:
தம்பி, அதைவிடப் பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு. குவார்ட்ஸ் காலண்டர் தடுக்கும், தள்ளி வைக்காது. மாசம் 15-ந்தேதி ஓடற ஜாபை எடுத்துக்கோங்க. ஞாயிறும் காலண்டர்ல லீவுன்னா, 2026 ஜனவரி 15 பொங்கல், பிப்ரவரி 15 ஞாயிறு, மார்ச் 15-உம் ஞாயிறு. டிசம்பர்ல ஓடின ஜாப் அடுத்து ஏப்ரல் 15-லதான் ஓடும். எர்ரர் எதுவும் வராது, யாருக்கும் தெரியாது.

கண்ட்ரோல்-எம்ங்கற ஜாப் ஓட்டற மென்பொருள்ல வேலை பார்த்தப்ப லீவுன்னா முன்னாடியா பின்னாடியான்னு ஜாப்லயே ஷிஃப்ட் கொடுப்போம். சம்பளம் முந்தின வேலை நாள், வசூல் அடுத்த வேலை நாள். ஒரே காலண்டர், ஆனா தள்ளுற விதி ஜாபுக்கு ஜாப் வேற. குவார்ட்ஸ்ல அதை நீங்கதான் எழுதணும்: ட்ரிகர் தினமும் 6 மணிக்கு எழுப்பட்டும், "15-ந்தேதிக்கு உரிய வேலை நாள் இன்னைக்கா"ன்னு ஜாப் காலண்டரைக் கேக்கட்டும்.

நடுவுல அரசு திடீர்னு லீவு விட்டா காலண்டரை மாத்தும்போது குவார்ட்ஸ்ல அப்டேட் ட்ரிகர்ஸ்ங்கற ஆப்ஷனை ட்ரூன்னு கொடுங்க. இல்லேன்னா ஏற்கெனவே கணக்குப் போட்ட நேரத்துக்கே ஓடிடும்.

கோவை_சர்வர்:
அக்கா, ரொம்ப நன்றி. 15-ந்தேதி ஜாப் எங்ககிட்ட மூணு இருக்கு, மூணும் வசூல். அடுத்த வேலை நாள்னு வச்சு, 2026 முழுசுக்கும் எந்தெந்த நாள் ஓடும்னு முதல்ல அச்சடிச்சு கணக்குப்பிள்ளை அண்ணன்கிட்ட காட்டறேன். அவர் சரின்னு சொன்ன அப்புறம்தான் கிரானை நிறுத்துவேன்.