விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, கையில ஜிடிஎக்ஸ் 1060: ஏஆர்பிஜி மட்டும் ஆடுறவனுக்கு எந்த லினக்ஸ்?

குகைவாசி:

வணக்கம் மக்களே. என்கிட்ட இருக்கறது பழைய அசெம்பிள்டு டெஸ்க்டாப், ஆறாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சது, சரி 11 போடலாம்னு பாத்தா ப்ராசஸர் லிஸ்ட்லயே இல்ல, டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி சிப் வேற கேக்குது. குறுக்கு வழியில போடலாம்ங்கறாங்க, ஆனா ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் பயந்துட்டு உக்கார எனக்கு இஷ்டம் இல்ல. புது போர்டு, புது ராம்னு போனா இப்ப விக்கிற விலைக்கு வீட்ல சோறு போட மாட்டாங்க.

நான் ஆடுறது ஒரே வகை தான், ஏஆர்பிஜி, அதாவது கூட்டம் கூட்டமா எதிரிய அடிச்சு லூட் (விழற ஐட்டம்) பொறுக்கற ஆக்ஷன் ரோல்-பிளேயிங் கேம். கிரிம் டான், பாத் ஆஃப் எக்ஸைல் (முதல் பாகம், ரெண்டாவது என் மெஷின் தாங்காது), எப்பவாச்சும் டயாப்லோ 2 ரீசரக்டட். கடைசி ஒண்ணு பேட்டில்.நெட்ல வாங்கினது, மத்தது ரெண்டும் ஸ்டீம்.

கேள்வி இது தான்: எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போடுறது? யூட்யூப்ல ஒருத்தர் காஷிஓஎஸ்ங்கறார், ஒருத்தர் பஸ்சைட், இன்னொருத்தர் நோபாரா, தலை சுத்துது. லினக்ஸுக்குனே வந்த நல்ல ஏஆர்பிஜி எதாவது இருக்கா? அப்புறம் டி டிரைவ்ல கேம் எல்லாம் ஏற்கனவே இறக்கி வெச்சிருக்கேன், என்டிஎஃப்எஸ் (விண்டோஸோட டிஸ்க் ஃபார்மட்) பார்ட்டிஷன், அத அப்படியே யூஸ் பண்ணிக்கலாமா? என் நெட்ல திரும்ப இறக்கறதுன்னா உயிர் போயிரும்.

கர்னல்_கந்தசாமி:

தம்பி, முதல்ல நல்ல சேதி சொல்லிடறேன். லினக்ஸுக்கு வர்ற கேமர்கள்லயே யோகக்காரன் யாருன்னா ஏஆர்பிஜி ஆடுறவன் தான். வாலரன்ட் ஆடுறவன் வந்து கேட்டா நான் திருப்பி அனுப்பிருவேன், அதோட வேன்கார்ட் ஆன்ட்டி-சீட் விண்டோஸ் கெர்னலுக்குள்ள உக்காந்து வேலை செய்யுது, இங்க ஓடவே ஓடாது. நம்ம கேம்ல அந்த தொல்லை இல்ல. பாத் ஆஃப் எக்ஸைல்ல நீங்க அடிக்கற அடி, விழுற லூட் எல்லாத்தையும் சர்வர் தான் கணக்கு போடுது, உங்க மெஷின நம்ப வேண்டிய அவசியமே அவங்களுக்கு இல்ல. கிரிம் டான் முழுக்க ஆஃப்லைன்ல ஆடலாம், அதுல நீங்க ஏமாத்தினா ஏமாறப்போறது நீங்க மட்டும் தான். 2018 ஆகஸ்ட்ல ஸ்டீம் கம்பெனியான வால்வ், விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட்டற புரோட்டான விட்டதுல இருந்து நான் இந்த வகை கேம் தான் இங்க ஆடிட்டு இருக்கேன், "இது லினக்ஸ்ல ஓடாது"ன்னு மூடி வெச்சது என் லைப்ரரில எதுவும் இல்ல.

இப்ப டிஸ்ட்ரோ. சாதாரணமா யார் கேட்டாலும் "எதையாவது போடு, உள்ள எல்லாம் அதே கெர்னல், அதே புரோட்டான் தான்"னு சொல்லுவேன். டிஸ்ட்ரோ மாத்தி மாத்தி போடுறவன் எல்லாம் 30 லெவல் தாண்டறதுக்குள்ள புது கேரக்டர் ஆரம்பிக்கற ஆளு மாதிரி, எண்ட்கேமே பாக்க மாட்டான். ஆனா உங்க கேஸ் வேற, ஏன்னா உங்க 1060 என்விடியாவோட பாஸ்கல் தலைமுறை கார்டு. என்விடியா 580 வரிசை டிரைவரோட மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுக்கெல்லாம் கும்பிடு போட்டாச்சு. 590ல உங்க 1060 கிடையாது. அவங்க புதுசா விட்ற ஓப்பன் கெர்னல் மாட்யூலும் டூரிங்ல இருந்து தான், அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கு மேல. ஆர்ச் லினக்ஸ்ல 590 வந்தப்ப பாஸ்கல் வெச்சிருந்தவங்க சும்மா அப்டேட் கொடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணா டெஸ்க்டாப் வரல, ஏயுஆர்ங்கற பயனர்கள் நடத்தற பேக்கேஜ் களஞ்சியத்துல இருந்து 580 பேக்கேஜ தேடி எடுத்து போட வேண்டியதா போச்சு. அதனால ஆர்ச் மாதிரி எப்பவும் புது வெர்ஷனுக்கு மாறிட்டே இருக்கற ரோலிங் டிஸ்ட்ரோ பக்கம் நீங்க தலை வெச்சும் படுக்காதீங்க. மின்ட் 22 போடுங்க, உபுன்டு 24.04 மேல கட்டினது, 2029 வரைக்கும் அப்டேட் வரும். மெனுல டிரைவர் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு, அத திறந்து 580ன்னு இருக்கறத டிக் பண்ணிட்டு ரீஸ்டார்ட், அவ்ளோ தான் வேலை. எவனாவது வந்து நோவோங்கற ஓப்பன் சோர்ஸ் டிரைவரே போதும், அது தான் சுதந்திர மென்பொருள்னு சொன்னா காதுல வாங்கிக்காதீங்க, பாஸ்கல்ல ஃபர்ம்வேர என்விடியா கையெழுத்து போட்டு பூட்டி வெச்சிருக்கறதால அந்த டிரைவரால கார்டோட கிளாக்க ஏத்தவே முடியாது, பூட் ஆகும்போது இருக்கற வேகத்துலயே நொண்டிட்டு இருக்கும்.

டி டிரைவ் விஷயம். படிக்கறதுக்கு பிரச்சனை இல்ல, கேம் ஓட்ட அத நம்பாதீங்க. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் கம்பேட்டாட்டா ஃபோல்டருக்குள்ள ஒரு குட்டி விண்டோஸ் மாதிரி செட் பண்ணும், அதுல சி டிரைவ காட்ட "சி:"ன்னே ஒரு சிம்லிங்க் (வேற இடத்த காட்டற குறுக்கு வழி) வெக்கும். பேர்ல கோலன் இருக்கறது என்டிஎஃப்எஸ்க்கு ஆகாது. சில நேரம் ஓடும், அப்புறம் திடீர்னு ப்ளே அமுக்கினா ஒரு செகண்ட் ஓடற மாதிரி காட்டிட்டு திரும்ப ப்ளே பட்டனாவே நிக்கும், எரர் மெசேஜ் கூட வராது. இஎக்ஸ்டி4ல (லினக்ஸோட டிஸ்க் ஃபார்மட்) புது பார்ட்டிஷன் ஒண்ணு போட்டு ஸ்டீம் லைப்ரரிய அங்க வைங்க. திரும்ப டவுன்லோட் எல்லாம் வேணாம். பழைய டிரைவ்ல இருக்கற கேம் ஃபோல்டர அப்படியே புது லைப்ரரில காமன் ஃபோல்டருக்குள்ள காப்பி பண்ணிட்டு, ஸ்டீம்ல இன்ஸ்டால் கொடுத்தா இருக்கற ஃபைல சரி பாத்துட்டு குறையறத மட்டும் இறக்கிக்கும்.

ரோக்லைக்_ராத்திரி:

கந்தசாமி அண்ணன் சொன்னது எல்லாம் ஓகே, ஆனா லினக்ஸுக்குனே வந்ததான்னு கேட்ட கேள்விய அப்படியே தாண்டி போயிட்டாரு :)

டயாப்லோவோட தாத்தா யுனிக்ஸ் டெர்மினல்ல பொறந்தவர்ங்க. ரோக்ங்கற குகை கேம் பெர்க்லி யுனிக்ஸோட சேர்ந்து யூனிவர்சிட்டி யூனிவர்சிட்டியா பரவின கேம், அந்த வழில வந்தது தான் மோரியா, அங்பாண்ட். டயாப்லோவ உருவாக்கின டேவிட் ப்ரெவிக் அத யோசிச்சதே அந்த கேம்கள ஆடி ஆடித்தான், முதல்ல டயாப்லோவும் டர்ன் பேஸ்டா (ஆளுக்கு ஒரு முறைன்னு மாத்தி மாத்தி ஆடறது) தான் இருந்துச்சு, ரியல் டைமா மாத்தினது அப்புறம். அந்த அங்பாண்ட் இன்னிக்கும் மின்ட் சாஃப்ட்வேர் மேனேஜர்ல தேடினா வரும். கிராபிக்ஸ் கார்டே வேணாம், எழுத்துலயே ஆடலாம், அட்-சிம்பல் தான் நீங்க, டின்னு பெரிய எழுத்து வந்தா டிராகன், ஓடிருங்க.

டயாப்லோ 1 வேணும்னா டெவிலூஷன்எக்ஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் இன்ஜின் இருக்கு. கேம் டேட்டா ஃபைல் ஒண்ணு மட்டும் உங்க பழைய சிடில இருந்தோ ஜிஓஜில வாங்கினதுல இருந்தோ எடுத்து வெச்சா போதும், வைடுஸ்கிரீன்ல, கன்ட்ரோலரோட, ஓட்டமும் சேர்ந்து (ஊருக்குள்ள ஓட முடியும்! அந்த காலத்துல ஏட்ரியா வீட்டுக்கு நடந்தே காலு போச்சு) சூப்பரா ஓடும். ஃபிளேர்னு ஒண்ணு இருக்கு, இன்ஜின், படம், கதை எல்லாமே ஃப்ரீ, 2018ல 1.0 வந்துச்சு. கதை சுமார் தான், பொய் சொல்ல மாட்டேன், ஆனா மோட் பண்ணி விளையாட கத்துக்கணும்னா அதோட ஃபைல் எல்லாம் வெறும் டெக்ஸ்ட், நோட்பேட்லயே ஒரு ஸ்பெல் மாத்தி பாக்கலாம். காசு கொடுத்து வாங்கறதுல டார்ச்லைட் 2க்கு 2015லயே லினக்ஸ் பதிப்பு வந்தாச்சு.

கர்னல்_கந்தசாமி:

தாண்டி போகல தம்பி, வேணும்னே தான் விட்டேன். லினக்ஸ் பதிப்பு இருக்கான்னு தேடுறதே இப்ப வீண் வேலைன்னு நினைக்கறேன். சின்ன கம்பெனி ஒரு தடவை போர்ட் பண்ணி விட்டுட்டு போயிரும், அஞ்சு வருஷம் கழிச்சு லைப்ரரி வெர்ஷன் மாறி சவுண்டு வராது, கேக்க ஆள் இருக்காது. விண்டோஸ் பதிப்ப புரோட்டான்ல ஓட்டினா அத பாத்துக்க வால்வ்ல ஆள் இருக்கான், ஏன்னா 2022ல விட்ட ஸ்டீம் டெக் மொத்தமும் அத நம்பித்தான் ஓடுது. டெவிலூஷன்எக்ஸ், அங்பாண்ட் எல்லாம் வேற கதை, சோர்ஸ் வெளிய இருக்கு, அதுக்கு சாவே கிடையாது. அத நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாம்_ஆக்ட்:

எல்லாரும் ரொம்ப ரோஸியா சொல்றீங்க, நான் கொஞ்சம் தண்ணி தெளிக்கறேன். டி2ஆர் (டயாப்லோ 2 ரீசரக்டட்) விண்டோஸோட கிராபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸ் 12 (டிஎக்ஸ்12) கேம். புரோட்டான்ல டிஎக்ஸ்12 எல்லாம் விகேடி3டிங்கற மொழிபெயர்ப்பான் வழியா லினக்ஸ்ல ஓடற வல்கன் கிராபிக்ஸுக்கு மாறி தான் போகும், என்விடியால அந்த வழில எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு வர்ற ஃப்ரேம்) அடி வாங்கும், பாஸ்கல்ல ரொம்பவே அடி வாங்கும். ஓடும், நான் ஓடாதுன்னு சொல்லல, ஆனா கேயாஸ் சாங்க்சுவரில சீல் திறந்து நாலு பக்கமும் கூட்டம் வரும்போது விண்டோஸ்ல இருந்த அந்த வழவழப்ப எதிர்பாக்காதீங்க. லெகசி கிராபிக்ஸ் பட்டன அமுக்கி பழைய லுக்ல ஆடுங்க, அது தான் அழகு வேற.

பேட்டில்.நெட்ட நிறுவ லூட்ரிஸ்ங்கற கேம் நிறுவற ஆப்புக்கு போங்க, இல்லைன்னா இன்ஸ்டாலர் ஃபைல ஸ்டீம்ல வெளி கேமா சேர்த்து புரோட்டான் செலக்ட் பண்ணியும் போடலாம். லாஞ்சர் அப்டேட் ஆகும்போது அப்பப்ப வெள்ளை ஸ்கிரீன் காட்டும், டென்ஷன் ஆகாம வேற புரோட்டான் வெர்ஷன் மாத்தி பாருங்க.

பிஓஇக்கு (பாத் ஆஃப் எக்ஸைல்): செட்டிங்ஸ்ல ரெண்டரர் டிஎக்ஸ்11, டிஎக்ஸ்12, வல்கன்னு மூணு இருக்கும். 12 பக்கம் போகாதீங்க. வல்கன் போட்டா நடுவுல மொழிபெயர்ப்பே இல்ல, 11 போட்டா டிஎக்ஸ்விகேங்கற மொழிபெயர்ப்பான் வழியா போகும், ரெண்டையும் ஒரு மேப்புக்குள்ள போய் ஆடி பாத்துட்டு எது ஒத்து வருதோ அத வெச்சுக்கங்க. ஊருக்குள்ள நின்னு எஃப்பிஎஸ் பாத்து முடிவு பண்றது சுத்த வேஸ்ட். லூட் ஃபில்டர் (வேண்டாத லூட்ட மறைக்கறது) ஃபைல எங்க போடறதுன்னு ஃபோல்டர் ஃபோல்டரா தேட வேணாம், சைட்ல நெவர்சிங்க் ஃபில்டர ஃபாலோ கொடுத்தா கேமுக்குள்ளயே லிஸ்ட்ல வந்துரும். ஐட்டம் விலை பாக்கற அவேகன்ட் பிஓஇ ட்ரேட் ஓவர்லே லினக்ஸுக்கும் இருக்கு, ஆனா வேலண்ட்ங்கற புது டிஸ்ப்ளே முறைல அது மக்கர் பண்ணும், மின்டோட சின்னமன் டெஸ்க்டாப் இன்னும் பழைய எக்ஸ்11 முறைல தான் வருதுங்கறது இந்த ஒரு விஷயத்துல உங்களுக்கு லாபம்.

இன்னொண்ணு, காசு இருந்தா செகண்ட்ஹேண்ட்ல ஏஎம்டி கார்டு ஒண்ணு பாருங்க. 2012 காலத்து எச்டி 7000 கார்டுக்கே கெர்னல் 6.19ல புது டிரைவர் டீஃபால்டா மாறியிருக்கு, இங்க பாஸ்கல் 2016ல வந்தது, கைய விரிச்சாச்சு. நானும் என்விடியா தான் வெச்சிருக்கேன், எரிச்சல்ல தான் சொல்றேன்.

குகைவாசி:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ எதிர்பாக்கல. மின்ட்னு முடிவு பண்ணிட்டேன், டி2ஆர் கொஞ்ச நாள் போகட்டும், கிரிம் டான் தான் முதல்ல. ஒம்போது மாஸ்டரில (கேரக்டர் கிளாஸ்) ரெண்ட சேர்த்து 36 காம்பினேஷன், அதுல பாதிய கூட நான் தொடல, ஓத்கீப்பர் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. கந்தசாமி அண்ணே, ஒரே பயம் பழைய சேவ் தான். என் நைட்பிளேடு 100 லெவல், டிவோஷன் பாயின்ட் 55ம் போட்டாச்சு, அவ போயிட்டா நான் இந்த கேமையே விட்டுருவேன். க்ளவுட் ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு ஞாபகம் இல்ல. ஐட்டம கேமுக்கு வெளிய சேத்து வெக்கற ஸ்டாஷ் டூல் ஒண்ணும் வெச்சிருக்கேன், அதுல தான் செட் ஐட்டம் எல்லாம் இருக்கு.

கர்னல்_கந்தசாமி:

விண்டோஸ அழிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு இடமும் பாருங்க. க்ளவுட் ஆஃப்னா டாக்குமென்ட்ஸ்ல மை கேம்ஸ், அதுக்குள்ள கிரிம் டான், அதுல சேவ் ஃபோல்டர். ஆன்னா ஸ்டீம் இன்ஸ்டால் ஆன இடத்துல யூசர்டேட்டா, உங்க ஐடி நம்பர், அதுக்குள்ள 219990னு ஃபோல்டர் இருக்கும், அதுல ரிமோட். ரெண்டையும் பென்டிரைவ்ல எடுத்துக்கங்க, எது புதுசுங்கற ஆராய்ச்சிய அப்புறம் தேதி பாத்து வெச்சுக்கலாம்.

மின்ட்ல கிரிம் டான ஒரு தடவை திறந்து மெயின் மெனு வரைக்கும் போயிட்டு மூடுங்க, அப்ப தான் ஃபோல்டர் எல்லாம் உருவாகும். அப்புறம் கம்பேட்டாட்டால அதே 219990, உள்ள பிஎஃப்எக்ஸ், சி டிரைவ், யூசர்ஸ், ஸ்டீம்யூசர், டாக்குமென்ட்ஸ், அங்க அதே மை கேம்ஸ் பாதை இருக்கும், சேவ அங்க போட்டுருங்க. ஸ்டீம் க்ளவுட் எது வேணும்னு கேட்டா லோக்கல்னு சொல்லுங்க, அவசரத்துல மாத்தி அமுக்கிராதீங்க. டூல் எதுன்னு பாருங்க, ஜிடி ஸ்டாஷ்னா அது ஜாவா, லினக்ஸ்லயே நேரா ஓடும், சேவ் பாதைய மட்டும் மாத்தி காட்டணும். ஐட்டம் அசிஸ்டன்ட்னா விண்டோஸ்ல இருக்கும்போதே செட் ஐட்டம் எல்லாத்தையும் கேமோட ஸ்டாஷுக்கே வெளிய எடுத்து வெச்சுட்டு வாங்க, இடம் பத்தலைன்னா ரெண்டு புது கேரக்டர் போட்டு அதுங்க பைல திணிங்க.