நிறுவனம் இலவசமாகத் தரும் குடிநீர் நிலையம்: ஏற்பதா, நிபந்தனை வைப்பதா?
(ஊர், வீதிப் பெயர்களைப் புனைபெயராகக் கொண்டு எழுதுவோரின் உரையாடல்)

நெடுங்கேணி:
எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கொழும்பு நிறுவனம் ஒன்று குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துத் தர முன்வந்திருக்கிறது. குழாய்க்கிணறு, இயந்திரம், கட்டடம் எல்லாம் அவர்களுடைய சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வரும். திறப்பு விழாவின் பின்னர் நிலையம் சங்கத்திடம் கையளிக்கப்படும். வவுனியா மாவட்டம் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிய மாவட்டங்களில் ஒன்று என்பதால், தாய்மார் இதை மிகுந்த ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள். ஆனால் எங்களுக்கு அனுப்பப்பட்ட கையளிப்பு ஆவணத்தில் பராமரிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கையொப்பமிடலாமா?

கனகராயன்குளம்:
இப்போதுள்ள நிலையில் கையொப்பமிடாதீர்கள். கூட்டுறவுச் சங்கக் கணக்குகளோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படிப்பட்ட நிலையங்களுக்குக் கட்டுவது சிறிய செலவு, நடத்துவதே பெரிய செலவு. கடின நீரை உயர் அழுத்தத்தில் சவ்வின் (மிக நுண்ணிய வடிகட்டியின்) ஊடாகத் தள்ளுவதால் மின் கட்டணம் மாதந்தோறும் வரும்; சவ்வுக்கு முன்னுள்ள வடிகட்டிகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறையும், சவ்வைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். உள்ளே எடுக்கும் நீரில் கணிசமான பகுதி, உப்பும் புளோரைட்டும் செறிந்த கழிவுநீராக வெளியேறும். அதை அருகிலுள்ள வாய்க்காலில் விட்டால் அது மீண்டும் உங்கள் கிணறுகளுக்கே வந்து சேரும். முதலாம் ஆண்டில் எதுவும் பழுதாகாது என்பதால் சங்கம் தண்ணீரை மிகக் குறைந்த விலைக்கு விற்கும், சேமிப்பு எதுவும் இராது. சவ்வு அடைத்துக்கொள்ளும் நாளில் நிலையத்துக்குப் பூட்டுப் போட வேண்டியிருக்கும். திறப்பு விழாப் படம் அதற்குள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அச்சாகியிருக்கும்.

ஏ9 வீதி:
நான் தனியார் நிறுவனம் ஒன்றின் சமூகத் திட்டப் பிரிவில் பணியாற்றுகிறேன்; எனவே மறுபக்கத்தையும் சொல்வது என் கடமை. இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்துடைய 135ஆம் பிரிவின்படி, குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எங்கள் நாட்டின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் அப்படியொரு கட்டாயம் கிடையாது. இங்கே வரும் ஒவ்வொரு ரூபாயும் பணிப்பாளர் சபையின் விருப்பத்தால் வருவது. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு ஒதுக்கப்படுவது. ஒப்பந்தம், சட்டத்தரணி என்று ஒரு சங்கம் தொடங்கினால், தலைமை அலுவலகம் அடுத்த கிராமத்தின் கோவையை எடுத்துக்கொள்ளும். குடிப்பதற்கு நல்ல தண்ணீர் இல்லாத குடும்பத்திடம், நிபந்தனை பேசி முடியும்வரை காத்திருங்கள் என்று எப்படிச் சொல்வீர்கள்?

பரந்தன்:
ஆடைத் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவள் என்பதால் பதில் எழுதுகிறேன். போருக்குப் பின்னர் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்த தொழிற்சாலைகளை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பெண்கள் தனியாகத் தாங்கிய எத்தனையோ குடும்பங்களுக்கு மாதச் சம்பளமும் ஊழியர் சேமலாப நிதியும் அங்கிருந்துதான் வந்தன. ஆனால் அந்தச் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம் கட்டுவது சட்டம் சொல்வதால். அது எவருடைய விருப்பத்தையும் பொறுத்ததன்று.

ஏ9 வீதி ஐயா, நிபந்தனை வைத்தால் நிறுவனம் ஓடிவிடும் என்று எழுதுகிறீர்கள். கொள்வனவாளர்களின் கணக்காய்வாளர்கள் வந்து அவசர வாயில்களையும் கழிப்பறைகளையும் எண்ணுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நிபந்தனைக்கு நடுவேதான் அந்தத் தொழில் முழுவதும் நடக்கிறது. 2013 ஏப்ரலில் பங்களாதேசில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்னரும் பல வணிகப் பெயர்கள் தாமாக எழுதிய நன்னடத்தை விதிகளை வைத்திருந்தன; அவை அந்தக் கட்டடத்தைத் தாங்கவில்லை. இறப்புகளுக்குப் பின்னரே, கட்டடப் பாதுகாப்புப் பற்றிய, சட்டப்படி பிணிக்கும் உடன்படிக்கையில் இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு கையொப்பமிட்டன. கையொப்பமிட்ட பின்னரும் அங்கிருந்து ஆடை வாங்கவே செய்தார்கள்.

ஏ9 வீதி:
சகோதரி, அந்த உடன்படிக்கைக்குப் பின்னால் உலகளாவிய தொழிற்சங்கங்களும் ஐரோப்பிய நுகர்வோரின் கோபமும் இருந்தன. நெடுங்கேணியிலுள்ள ஒரு சங்கத்துக்கு அந்தப் பலம் எங்கிருந்து வரும்? நடக்கக்கூடியதைக் கேளுங்கள்: இரண்டு இளைஞர்களுக்கு இயந்திரப் பயிற்சியும், ஓராண்டு இலவசப் பழுதுபார்ப்பும் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

கனகராயன்குளம்:
பலம் இல்லாதவர்களுக்குத்தான் எழுத்து வேண்டும். நுண்கடன் நிறுவனங்கள் எங்கள் ஊர்களுக்குள் வந்தபோதும் பெண்களை வலுவூட்டுவதாகவே சொன்னார்கள். குழுவில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதையும், வாராந்த வட்டி ஆண்டுக்கு எவ்வளவாகும் என்பதையும் பெண்கள் கையொப்பமிட்ட பிறகே அறிந்தார்கள். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய் வரையான பெண்களின் நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வர வேண்டிய நிலை ஏற்பட்டது. கடனையும் நன்கொடையையும் ஒன்றாக்குவதாக நினைக்க வேண்டாம். இரண்டிலும் பின்னால் வரும் செலவை முன்கூட்டியே சொல்லாததையே நான் எதிர்க்கிறேன். ஓராண்டுப் பழுதுபார்ப்பு எதற்கு? பழுது வருவது மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அல்லவா?

மன்னார்க்கரை:
ஒரு விடயத்தை மட்டும் சேர்க்கிறேன். எங்கள் மன்னார்த் தீவில் இலங்கை மின்சார சபை 30 காற்றாலைகளோடு தம்பபவனி என்னும் காற்று மின் நிலையத்தை அமைத்தது. காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது நாட்டுக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் 2025இல் மேலும் காற்றாலைகள் வரவிருந்தபோது மக்கள் வீதியில் இறங்கினார்கள். வெள்ளநீர் வடியும் பாதைகளைப் பற்றியும் கரைவலைத் தொழிலைப் பற்றியும் தங்களிடம் உரிய முறையில் கேட்கவில்லை என்பது அவர்களுடைய குறை. முன்னரே கேட்டிருந்தால் எதிர்ப்பின் பெரும்பகுதி எழுந்திராது என்பது என் கருத்து. எனவே நெடுங்கேணி ஐயா, உங்கள் கழிவுநீர் எங்கே போகும் என்பதை முதலில் அயல் காணிக்காரரிடம் கேளுங்கள்.

நெடுங்கேணி:
எல்லோருக்கும் நன்றி. நிர்வாகக் கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டோம். நிலையத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. குழாய்க்கிணற்று நீரையும் சுத்திகரித்த நீரையும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றும், முதலாவது சவ்வு மாற்றத்தின் செலவை நிறுவனம் இப்போதே வங்கியில் வைப்பிலிட வேண்டும் என்றும், கழிவுநீருக்கு வேறு தொட்டி கட்ட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். விற்பனைப் பணத்தின் ஒரு பங்கு மாதர் சங்கத்தோடு கூட்டுக் கையொப்பமுள்ள கணக்கில் சேரும். கடிதத்தின் பிரதி பிரதேச செயலாளருக்கும் போயிருக்கிறது.

ஏ9 வீதி:
வைப்புப் பணம் என்ற நிபந்தனையில்தான் இது உடையும் என்று இன்னமும் நினைக்கிறேன், ஐயா. எங்கள் பிரிவின் நடைமுறையில், அடுத்த நிதியாண்டுக்கு அப்பால் பணத்தைக் கட்டிவைக்க அனுமதி கிடைப்பதில்லை. கட்டடத்தைச் சிறிதாக்கி, அதில் மிஞ்சும் தொகையை வைப்பிலிடுமாறு கேட்டுப் பாருங்கள்; ஒதுக்கீடு அதிகரிக்காததால் தலைமை அலுவலகம் மறுப்பது கடினமாகும்.

நெடுங்கேணி:
கட்டடத்தைச் சிறிதாக்க எங்களுக்கு முழுச் சம்மதம். இந்தத் திருத்தத்தை நாளைக் காலையே கடிதத்தில் சேர்த்து அனுப்புகிறோம்.