பிளஸ் 2 வேதியியல் செய்முறைத் தேர்வில் காரணம் கேட்கலாமா?

கயல்விழி:
தரம் பார்த்தலில், அதாவது ஒரு கரைசலின் செறிவை அதோடு வினைபுரியும் இன்னொரு கரைசலின் அளவைக் கொண்டு கணக்கிடும் சோதனையில், மாணவி 20 மி.லி. இரும்புக் கரைசலைப் பிப்பெட்டில் எடுக்கிறாள். நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கிறாள். பியூரெட் என்ற அளவுக்கோடிட்ட குழாயிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்ததும் பியூரெட் அளவைக் குறிக்கிறாள். அளவுகள் ஒத்துப்போய், கணக்கும் சரியாக வந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். நான் கேட்பது வேறு. கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தபோது கிடைத்த அளவுகளைக் கொடுத்து, பெர்மாங்கனேட் ஏன் கூடுதலாகச் செலவானது என்று கேளுங்கள். குளோரைடையும் அது ஆக்சிஜனேற்றம் செய்யும் என்பது பாடம். அளவைச் சந்தேகிப்பது திறன். இரண்டையும் ஒரே கேள்வியில் சோதிக்க வேண்டும்.

தென்பொருநை:
சந்தேகிப்பதற்கே முதலில் விஷயம் தெரிந்திருக்க வேண்டும் அம்மா. ஓர் அணு எத்தனை எலக்ட்ரானை இழந்தது அல்லது பெற்றது என்று காட்டும் ஆக்சிஜனேற்ற எண்ணே பிடிபடாத பிள்ளையிடம் ஆராயச் சொல்லி என்ன பயன்? 'மீண்டும் மீண்டும் செய்து பார், ஒத்துவந்தால் நம்பு' என்பது எல்லா அறிவியலுக்கும் பொதுவான திறன். உங்கள் குடுவையில் அதுவே காலை வாரும். அளவுகள் ஒத்துப்போகலாம், அத்தனையும் தப்பாகவும் இருக்கலாம். அங்கே கைகொடுப்பது வேதியியல் அறிவு மட்டும்தான். எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

கயல்விழி:
அந்த அறிவு அவளிடம் இருக்கிறதே! 'ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் கூடாது?' என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்கிறாள். ஆனால் பியூரெட்டில் அளவு கூடியதும் அதை அழித்துவிட்டுப் பக்கத்து மேசையின் அளவை எழுதுகிறாள். படித்தது கண்முன் நடக்கும்போது அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

நர்மதைக்கரை:
மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தை இங்கே சொல்ல வேண்டும். 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. பிள்ளைகள் சோதனை செய்தே பாடத்தை அடைந்தார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம், செய்முறையும் உண்டு. 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. தேர்வையும் சேர்த்து மாற்றியதால்தான் முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்தது என்பது என் கருத்து.

தென்பொருநை:
அது 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கானது ஐயா. பிளஸ் 2 மதிப்பெண்ணில் கல்லூரி இடமே தொங்குகிறது. தவிர, கயல்விழி அம்மா, உங்கள் ஹைட்ரோகுளோரிக் குடுவை மறு ஆண்டே கைடில் விடையோடு வந்துவிடும்.

கயல்விழி:
நியாயமான அச்சம். ஆகவே ஒரே பிழையைத் திரும்பக் கேட்கக் கூடாது. ஓர் ஆண்டு பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி, இன்னோர் ஆண்டு அமிலம் போதாமல் பழுப்பாகிப்போன குடுவை. செய்முறை மதிப்பெண்ணில் ஐந்தை இதற்கு ஒதுக்கினால் போதும்.

தென்பொருநை:
ஐந்து தரலாம். ஆனால் ஒரு புறத்தேர்வாளர் தாராளமாகப் போடுவார், இன்னொருவர் கையை இறுக்குவார். பழுப்புக் குடுவைக்கு மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பீர்கள்? எழுதிக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

கயல்விழி:
'அமிலம் குறைவு' என்று எழுதினால் 1. பெர்மாங்கனேட்டிலுள்ள மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் +2 வரை இறங்காமல் +4இல் நின்று, அது பழுப்பு நிற டைஆக்சைடாகிவிட்டது என்று விளக்கினால் 2. அதை எப்படிச் சரிபார்ப்பாய் என்பதற்கு, 'புதிதாக 20 மி.லி. எடுத்து, அமிலத்தை மட்டும் கூட்டி, பழுப்பு வருகிறதா என்று பார்ப்பேன்' என்றால் 2. மற்றதை மாற்றாமல் அமிலத்தை மட்டும் கூட்டுவதாகச் சொல்லாவிட்டால் அதில் ஒன்றைக் குறைத்துவிடலாம்.