பழைய காரில் புகையும் ஆயில் குறைவும்: அவரவர் அனுபவம்

பொள்ளாச்சி 800

வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஆழியாறு பக்கம் சமதளம் வந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தால் குப்பென்று நீலப்புகை. பின்னால் வரும் பைக்காரர் மறைந்தே போவார். ஒருவர் பக்கத்தில் வந்து, "வண்டி தீப்பிடிச்சிருச்சுங்களா?" என்றே கேட்டார்.

வண்டி 1998 மாருதி 800, கார்புரேட்டர் மாடல். அப்பா வாங்கியது. காலையில் முதல் ஸ்டார்ட்டிலும் கொஞ்சம் புகை வந்து நின்றுவிடும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் காணாமல் போய்க்கொண்டிருந்தது. நிறுத்திய இடத்தில் தரையில் ஒரு சொட்டு கறை கிடையாது.

முதலில் காட்டிய பட்டறையில் பானட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. "ரிங் போச்சு சார். என்ஜினை இறக்கி ரீபோர் பண்ணிடலாம்." பிஸ்டனைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்தான் ரிங்; சிலிண்டரைக் குடைந்து சரிசெய்வது ரீபோர். வண்டியின் வயதைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இழுவை குறையவில்லை, மைலேஜ் குறையவில்லை. அதனால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஊரிலேயே இன்னொரு மெக்கானிக், வயதானவர். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "புகை வருது, சரிங்க. எப்பெப்ப வருது?" நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இது மேல இருந்து இறங்குற ஆயில்" என்றார்.

இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே வண்டியைப் பிடித்து இறங்குகிறோம். அப்போது த்ராட்டில், அதாவது காற்று நுழையும் கதவு, மூடியிருக்கும். பிஸ்டன் இழுக்கிறது, ஆனால் காற்று வர வழியில்லை. இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டருக்குக் காற்று போகும் குழாய்) உறிஞ்சல் கடுமையாகிறது. சிலிண்டருக்கு மேல் மூடியாக, வால்வுகளோடு இருக்கும் ஹெட்டின் மேல் தளும்பும் ஆயிலை அது வால்வ் தண்டு வழியாகக் கீழே இழுக்கிறது. இதைத் தடுக்கத்தான் வால்வ் சீல் என்ற சின்ன ரப்பர் தொப்பி. அது சூட்டில் காய்ந்து இறுகிவிட்டால் தண்டைப் பிடிக்காது. மலை இறங்கும் நேரமெல்லாம் சேர்ந்த ஆயில், கீழே வந்து மிதித்ததும் மொத்தமாக எரிகிறது. காலைப் புகைக்கும் அதுதான் காரணம், இரவில் சொட்டி நின்ற ஆயில். ரிங் தேய்ந்த வண்டி பொதுவாக இப்படிச் செய்யாது. ஏற்றத்தில், லோடு ஏற்றியிருக்கும்போது, மிதிக்க மிதிக்க விடாமல் புகையும்.

அவர் சொன்னதோடு விடவில்லை, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் காற்றின் அழுத்தம், பார்த்தார். மூன்று சிலிண்டரும் 165, 160, 165 பிஎஸ்ஐ. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது ஐந்து ஐந்துதான் ஏறியது. ரிங் போயிருந்தால் அந்த ஆயில் சந்தை அடைத்து அளவு நன்றாக ஏறியிருக்கும்.

சீல் மாற்ற ஹெட்டைக் கழற்றவே இல்லை. அவரிடம் ஒரு பழைய ஸ்பார்க் பிளக் இருந்தது. உள்ளே இருக்கும் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, மேலே காற்றுக்குழாய் மாட்டும் நிப்பிளை வெல்டிங் வைத்திருந்தார். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, அந்தப் பிளக்கை மாட்டி கம்ப்ரஸர் காற்றைத் திறந்தார். வால்வ் உள்ளே விழாமல் காற்று தாங்கிக்கொண்டது. ராக்கர் ஷாஃப்ட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கி, லாக்கை எடுத்துப் பழைய சீலை உருவினார். கையில் வாங்கிப் பார்த்தேன். நகத்தால் அமுக்கினால் பள்ளம் விழவில்லை, அமுக்கிய இடத்தில் விரிசல் விட்டது. ஆறு வால்வுக்கும் ஆறு சீல், சில நூறு ரூபாய் சாமான். சீல் போடும் முன் ஒவ்வொரு வால்வையும் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். வால்வ் தண்டு ஓடும் குழாயான கைடு தேய்ந்து ஆட்டம் இருந்தால் புதுச் சீலும் சீக்கிரமே போய்விடுமாம். நல்ல வேளை, ஆட்டம் இல்லை. கடைசியில் டேப்பட் (வால்வ் இடைவெளி) அட்ஜஸ்ட் செய்து மூடினார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்தும் சில நாள் புகை வந்தது. சைலன்சருக்குள் ஊறிப்போன பழைய ஆயில் எரிந்து தீர வேண்டும். அதைப் பார்த்துவிட்டு 'வேலை பலிக்கவில்லை' என்று மறுபடி என்ஜினைப் பிரிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

பத்மினி ரசிகன்

உங்களுக்கு ஆயில் குறைந்தது. என் பிரீமியர் பத்மினி காரில் ஏறியது!

ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்தால் மேல்கோட்டுக்கு மேலே நின்றது. நான் ஊற்றவே இல்லை. கூடவே கரும்புகை. டிப்ஸ்டிக்கை மூக்கருகில் கொண்டுபோனதும் புரிந்துவிட்டது, பெட்ரோல் வாடை. விரலில் தேய்த்தால் ஆயிலுக்குரிய வழவழப்பே இல்லை. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் பெட்ரோல் பம்ப் என்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும், என்ஜினே அதை இயக்கும். உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலோடு கலந்துவிடும். இந்த நிலையில் ஓட்டவே கூடாது. பேரிங் போய்விடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பம்பையும் ஆயில், ஃபில்டரையும் மாற்றியதோடு சரியானது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பால் வாங்கவும் ஸ்கூலுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில், நன்றாகச் சூடேறும் முன்பே என்ஜினை நிறுத்திவிடுகிறோம். கொஞ்சம் பெட்ரோலும் தண்ணீரும் ஆயிலில் தங்கும். அளவு குறையாத மாதிரியே காட்டும். ஒருநாள் ஹைவேயில் நீளமாகப் போய்வந்தால் அதெல்லாம் ஆவியாகி, 'ஒரே ட்ரிப்பில் இவ்வளவு ஆயில் போச்சா' என்று தோன்றும். அந்த ட்ரிப்பில் போனதல்ல அது.

சேலத்து சித்தப்பா

வெள்ளைப்புகை பற்றி யாரும் பேசவில்லையே. ஏற்காடு ஏறும்போது ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து டெம்பரேச்சர் முள் மேலே போய்விட்டது. ஆற வைத்து, ஹோஸ் மாற்றி, வீடு வந்து சேர்ந்தோம். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. கூலன்ட் குறையும், வெளியே ஒழுகாது. சைலன்சரில் வெள்ளையாக, என்ஜின் சூடான பிறகும் நிற்காத புகை, லேசாக இனிப்பு வாடை. (குளிர்ந்த காலையில் சைலன்சர் நுனியில் தண்ணீர் சொட்டி, சற்று நேரம் ஆவி அடித்தால் அது நோய் இல்லை. பெட்ரோல் எரிந்தாலே தண்ணீர் உண்டாகும்.)

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தோம். மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச். அந்த சிலிண்டருக்குள்தான் தண்ணீர் போயிருக்கிறது. என்ஜின் ஆறியிருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி குமிழியாக வந்தது. ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. ஹெட்டைக் கழற்றி, லேத்தில் நேர்க்கட்டையும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்தார்கள், வளைந்திருந்தது. ஃபேஸிங் போட்டு, அதாவது சமமாகச் சீவித்தான் மாட்டினோம். வளைந்த ஹெட்டில் வெறும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் காசு போனதுதான் மிச்சம்.

ஆயில் மூடிக்கு அடியில் பால் கோவா மாதிரி ஒட்டியிருந்தாலே ஹெட் கேஸ்கெட் என்று சிலர் பயமுறுத்துவார்கள். குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அப்படி வரும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்து, கூலன்டும் குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ட்ராவல்ஸ் டிரைவர்

பொள்ளாச்சி அண்ணன் சொன்ன மலை இறக்கக் கணக்கை டீசல் வண்டிக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். பழைய டீசலில் பெரும்பாலும் த்ராட்டில் கிடையாது, அந்த உறிஞ்சலும் கிடையாது. டர்போ (என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி) உள்ள வண்டியில் நீலப்புகை என்றால் முதலில் டர்போவைப் பாருங்கள். ஹோஸைக் கழற்றி, ஷாஃப்ட்டை விரலால் மேலும் கீழும் ஆட்ட வேண்டும். துளி ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். விசிறி சுற்றுச்சுவரில் உரசினால் டர்போ போயிற்று. சில நேரம் டர்போ நன்றாகவே இருக்கும், ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புது டர்போ மாட்டினால் அதுவும் கக்கும்.

டர்போ கக்கும் ஆயில் அளவு மீறினால் டீசல் என்ஜின் அதையே குடித்து ஓட ஆரம்பித்துவிடும். சாவியை எடுத்தாலும் நிற்காது, சத்தம் ஏறிக்கொண்டே போகும். எங்கள் வண்டி ஒன்றில் நடந்தது. கூட இருந்த சீனியர் டிரைவர் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு கிளட்சைப் பட்டென்று விட்டார், உறுமி அடங்கியது. ஆட்டோமேட்டிக்கில் இந்த வழி இல்லை. அதனால் டீசலில் நீலப்புகையை 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளாதீர்கள்.

கோவை பட்டறை

நான் பட்டறை வைத்திருப்பவன். பார்க்காமலே ரிங் என்று சொல்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மணி நேரம் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு 'பார்த்ததற்கு இவ்வளவு' என்றால் கஸ்டமர் முகம் மாறிவிடும். அதே ஆள் என்ஜினை இறக்கினால் பேசாமல் கொடுப்பார். பார்த்துச் சொல்வதற்கும் காசு கொடுங்கள் சார், பாதி வம்பு குறையும்.

புகையே இல்லாமல் ஆயில் குறைந்தால் பெரும்பாலும் ஒழுகல்தான். நிறுத்திய பிறகு சொட்டினால் தரையில் தெரியும். ஓடும்போது மட்டும் பிரஷரில் தெறிப்பது காற்றில் பின்னால் பரவி, என்ஜின் முழுக்க அழுக்காகத்தான் தெரியும், எங்கிருந்து என்று புரியாது. நாங்கள் செய்வது இதுதான்: என்ஜினை நன்றாகக் கழுவிக் காய வைப்போம். சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுவோம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்தால், வெள்ளைப் பவுடரில் ஆயில் புறப்பட்ட இடம் கோடு போட்டதுபோல் தெரியும். கீழே நனைந்திருக்கும் இடத்தைப் பார்க்காதீர்கள், மேலே எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். டேப்பட் கவர் (வால்வுகளுக்கு மேலுள்ள மூடி) கேஸ்கெட், ஆயில் பிரஷர் சுவிட்ச், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங் எல்லாம் சின்னச் செலவு. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் அடியில் சொட்டினால்தான் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல். அதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் புகை நிற்குமா என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். 20டபிள்யூ-50 ஊற்றினால் தேய்ந்த என்ஜினில் கொஞ்சம் குறையும், நிற்காது. மெல்லிய ஆயில் கேட்கும் புது மாடல் என்ஜினில் அதை ஊற்றினால், குளிர்ந்த ஸ்டார்ட்டில் மேலே ஆயில் போய்ச் சேர நேரமாகும். அப்புறம், மேல்கோட்டைத் தாண்டி ஊற்றிவிட்டு 'புகை வருது' என்று வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆயிலை வடித்தாலே போதும்.

புதுக்கோட்டை

என்னுடையது 2004 மாடல் பெட்ரோல் கார். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து காற்று குபுகுபுவென்று அடிக்கிறது. டிப்ஸ்டிக் தானாகவே மேலே எழும்பி நிற்கிறது. டேப்பட் கவர் ஓரமெல்லாம் ஆயில் கசிவு. பேக் கம்ப்ரஷன் (ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குவது), ரிங் போச்சு, ஃபுல் என்ஜின் வேலை என்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்தான் புகைச் சான்றிதழ் பாஸ் ஆனது. அப்போது ரிங் நன்றாகத்தானே இருந்திருக்கும்?

கோவை பட்டறை

தம்பி, அந்தச் சான்றிதழை இதற்குச் சாட்சியாக வைக்காதீர்கள். பெட்ரோல் வண்டியில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தான் பார்க்கிறார்கள். மிதித்தால் வரும் நீலப்புகை அதில் அகப்படாமல் போகலாம்.

பேக் கம்ப்ரஷன் என்று முடிவு கட்டும் முன் பிசிவி வால்வைக் கழற்றிப் பாருங்கள். டேப்பட் கவரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸில் இருக்கும். என்ஜினுக்குள் சேரும் ஆவியை உறிஞ்சி எரிக்க அனுப்புவது அதன் வேலை. கசடு அடைத்துவிட்டால் அந்த அழுத்தம் வெளியேற வழியில்லாமல் மூடி, டிப்ஸ்டிக், கேஸ்கெட் என்று எல்லாப் பக்கமும் பிதுங்கும். நீங்கள் சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும். ஆட்டினால் உள்ளே 'டக் டக்' என்று சத்தம் வர வேண்டும், ஊதினால் ஒரு பக்கம் மட்டும்தான் காற்று போக வேண்டும். ஹோஸும் அடைத்திருக்கிறதா பாருங்கள்.

அது சரியாக இருந்தால் எல்லா சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எடுங்கள். என்ஜின் சூடாக, பிளக் எல்லாம் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி எடுக்க வேண்டும். முதலில் அப்படியே, பிறகு ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு. இரண்டு அளவையும் சிலிண்டர் வாரியாக எழுதி இங்கே போடுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் 90 காட்டி, ஆயில் விட்டதும் 130க்கு ஏறினால் அப்போது ரிங் பற்றிப் பேசலாம்.